இரண்டு வேர், ஒரு பெயர்

நிலவேம்புக் குடிநீர்ச் சூரணப் பொட்டலத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு சரக்குப் பட்டியல் இருக்கும். நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம். ஒன்பது சரக்கு, எல்லாம் சம எடை. டெங்குக் காய்ச்சல் பரவிய ஆண்டுகளில் தமிழ்நாட்டில் மருத்துவமனை வாசலிலும் பேருந்து நிலையத்திலும் அண்டா வைத்து ஊற்றிக் கொடுத்தது இந்தக் கஷாயத்தைத்தான். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தவர்களில் நானும் ஒருவன்.

பட்டியலில் ஏழு சரக்குகளைப் பற்றி எனக்குக் கேள்வி எதுவும் இல்லை. இரண்டாவதும் மூன்றாவதும்தான் சில ஆண்டுகளாக என்னைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. வெட்டிவேரை எல்லோருக்கும் தெரியும். கோடையில் பானைத் தண்ணீரில் போடுவோம், தட்டி முடைந்து சன்னலில் கட்டித் தண்ணீர் தெளிப்போம். அது ஒரு புல்லின் வேர். விலாமிச்சை வேர் எது? சித்த மருந்துப் பட்டியல்களில் அதற்கு நேரே அச்சிடப்படும் தாவரவியல் பெயர் பிளெக்ட்ராந்தஸ் வெட்டிவெராய்டிஸ். அது புல் இல்லை. துளசி, புதினா, கற்பூரவள்ளி குடும்பத்தைச் சேர்ந்த, இலையும் கிளையுமாக வளரும் ஒரு பூண்டு. தென்னிந்தியாவுக்கே உரியது. காட்டில் இதை யாரும் கண்டதாகப் பதிவு இல்லை. விதை பிடிப்பதும் இல்லை. எங்காவது ஒரு வயலிலோ கொல்லையிலோ யாரோ ஒருவர் தண்டை ஒடித்து நட்டால் உண்டு, நடாவிட்டால் இல்லை.

இந்தச் செடியைத் தேடிப் போனதும் வளர்க்கப் பார்த்ததும் பற்றியது இக்கட்டுரை. ஆனால் பெயரைச் சீர்செய்யாமல் செடியைப் பற்றிப் பேச முடியாது. இது தொலைந்ததற்குப் பாதிக் காரணம் பெயர்தான்.

தேடத் தொடங்கியபோது எனக்கு இரண்டு பெயர்கள் கையில் இருந்தன. நர்சரிகளில் விலாமிச்சை என்று கேட்டால் விழித்தார்கள். வெட்டிவேர்ச் செடி என்று கேட்டால் புல் தூரைப் பிடுங்கிக் கொடுத்தார்கள். ஓரிடத்தில் பலவண்ண இலை கொண்ட அலங்காரக் கோலியஸ் செடியையே இதுதான் என்று விற்றார்கள், நானும் வாங்கி வந்தேன். கடைசியில் காவிரிக்கரைக் கிராமம் ஒன்றில், ஆற்றோர மணல் நிலத்தில் பூச்செடிகளுக்கு நடுவே கால் குழிகூட இல்லாத ஒரு பாத்தியில் இதைப் பார்த்தேன். அதை வைத்திருந்த பெரியவரிடம், “இது விலாமிச்சைதானே ஐயா?” என்றேன்.

“அதெல்லாம் தெரியாது தம்பி. இது வெட்டிவேரு.”

“வெட்டிவேர்னா அந்தப் புல்லு இல்லீங்களா?”

“அது வேற. அத விழல்னும்பாங்க. தலையில வச்சுக்கறதுக்கு, சாமிக்குப் பூவோட சேத்துக் கட்டறதுக்கெல்லாம் இதான் வேரு. முன்னாடி பூக்கடைக்காரங்க வந்து வாங்கிட்டுப் போவாங்க.”

எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டேன். “எங்க அப்பா வச்சிருந்தாரு. அவருக்கு எங்க அத்தை வீட்டுலேருந்து வந்துச்சு. வெதையா இருக்கு, கடையில போயி வாங்க? போன வருசத்துச் செடிதான் இந்த வருசமும்.” சொல்லிவிட்டு நான்கு கொழுந்துத் தண்டுகளை ஒடித்து ஈரச்சாக்கில் சுற்றிக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

மருந்துப் பட்டியலில் விலாமிச்சையாக இருக்கும் செடி, வளர்ப்பவர் வாயில் வெட்டிவேராக இருக்கிறது. அவர் தவறாகச் சொல்லவில்லை. 2010-ல் ‘கரன்ட் சயின்ஸ்’ இதழில் முருகன், லிவிங்ஸ்டோன் என்ற இரு ஆய்வாளர்கள் இதே சிக்கலைக் கையில் எடுத்தார்கள். புல்லுக்கு வெட்டிவேர் என்ற பெயர் எப்படி வந்தது என்பதைப் புதிர் என்றே சொன்னார்கள்.

புதிரை அவிழ்க்க எனக்குத் தெரிந்த நல்ல வழி பக்கத்து வீட்டில் எட்டிப் பார்ப்பது. மலையாளத்தில் புல்லுக்கு ராமச்சம் என்று பெயர். கன்னடத்தில் லாவஞ்ச. இவை நம் விலாமிச்சையோடும், அதன் இன்னொரு வடிவமான இலாமிச்சையோடும் ஒலியால் ஒட்டி வருவதைக் காது கண்டுகொள்ளும். வடமொழியில் லாமஜ்ஜகம் என்ற சொல் உண்டு. அங்கும் அது ஒரு வாசனைப் புல்லையே குறிக்கிறது. இத்தனை வீட்டிலும் புல்லாக இருக்கும் சொல், தமிழில் மட்டும் துளசிக் குடும்பத்துப் பூண்டைக் குறித்தது என்றால் நம்பக் கடினமாக இருக்கிறது. மறுபுறம் நம் பூண்டுக்குக் கேரளத்தில் இருவேலி என்று பெயர். இலங்கையில் இதன் நெருங்கிய உறவுச் செடியைச் சிங்களவர் இரிவேரிய என்கிறார்கள். தமிழ் மருத்துவ வழக்கில் இருவேலி, குறுவேர் என்ற பெயர்கள் இருக்கின்றன. இரிவேரியவிலும் குறுவேரிலும் ‘வேர்’ வெளிப்படையாகவே உள்ளே உட்கார்ந்திருக்கிறது.

இன்னொரு சான்று சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. கடலாடு காதையில் மாதவி நீராடும் நன்னீரில் முப்பத்திருவகை ஓமாலிகை ஊறியதாக வருகிறது. அந்த முப்பத்திரண்டு வாசனைப் பொருள்களையும் அடியார்க்குநல்லார் தம் உரையில் எடுத்துக்காட்டும் பட்டியலில் வேரி தனியாகவும் இலாமிச்சம் தனியாகவும் எண்ணப்படுகின்றன, அதுவும் அடுத்தடுத்து. வேரி என்ற சொல்லுக்குத் தேன், கள், மணம் என்று வேறு பொருள்களும் உண்டு. அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இலாமிச்சை அல்லாத இன்னொரு வாசனை வேர் பழந்தமிழ்க் குளியலறையில் இருந்தது என்பதற்கு இதைவிட நெருக்கமான தடயம் எனக்குக் கிட்டவில்லை.

என் முடிவு இது: இலாமிச்சை என்பது புல்லின் பழைய பெயர். வெட்டிவேர் என்பது, வெட்டி எடுக்கும் வேர் என்ற பொருளில், நம் பூண்டுக்கும் புல்லுக்கும் ஊருக்கு ஊர் வழங்கிய பொதுப்பெயராக இருந்திருக்க வேண்டும். புல் பெரிய வணிகப் பொருளானபோது அந்தப் பெயரையும் தன்னோடு எடுத்துக்கொண்டு கப்பல் ஏறிவிட்டது. பிரெஞ்சுக்காரர்கள் அதை வெட்டிவெர் என்றார்கள். 1771-ல் லின்னேயஸ் வேறு பேரினத்தில் சேர்த்திருந்த அந்தப் புல்லுக்காக 1822-ல் போரி என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் வெட்டிவேரியா என்று தனிப் பேரினமே அமைத்தார். இன்று அது கிரைசோபோகன் சிசனியாய்டிஸ் என்று அழைக்கப்பட்டாலும், ஹெய்ட்டியிலும் ஜாவாவிலும் ரீயூனியன் தீவிலும் வாலையில் காய்ச்சப்படும் அதன் எண்ணெய்க்குத் தமிழ்ப்பெயர்தான். பாரிஸ் வாசனைத் திரவியக் குப்பியின் மேல் ஒரு தமிழ்ச்சொல் இருப்பது நமக்குப் பெருமைதான். அந்தச் சொல் வீட்டில் யாரை விட்டுவிட்டுப் போனது என்பதை நாம் கேட்டதில்லை.

எஞ்சிய பூண்டுக்கு அறிவியல் பெயர் கிடைத்ததே 1941-ல்தான். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் கே. செரியன் ஜேக்கப் இதைப் புதிய இனமாக விவரித்து கோலியஸ் வெட்டிவெராய்டிஸ் என்று பெயரிட்டார். ‘ஆய்டிஸ்’ என்ற ஒட்டுக்கு ‘போன்ற’ என்று பொருள். ஆக, வெட்டிவேர் போன்ற கோலியஸ். தன் ஊரில் வெட்டிவேராகவே இருந்த செடி, அறிவியல் ஏட்டில் வெட்டிவேரைப் போல இருப்பதாகப் பதிவானது. பிறகு பிளெக்ட்ராந்தஸ் என்ற பேரினத்துக்கு மாற்றினார்கள். மருந்துப் பட்டியல்களில் இன்றும் நிற்பது அந்தப் பெயர். 2019-ல் பேட்டனும் அவருடைய சக ஆய்வாளர்களும் இந்தக் கூட்டத்தை மறுபடி பிரித்துக் கோலியஸைத் தனிப் பேரினமாக மீட்டார்கள். ஏறத்தாழ 300 இனங்கள் அதற்குள் வந்தன. ஜேக்கப் வைத்த பெயர் பழையபடி பொருந்துகிறது.

ஆயுர்வேதத்தில் கதை இன்னும் குழம்பியது. அங்கு ஹ்ரீபேரம் என்று ஒரு சரக்கு உண்டு. கேரள வைத்தியர்கள் அதற்கு இருவேலியைப் போடுகிறார்கள். வடக்கே பேராமுட்டியைப் போடுகிறார்கள். அது வெண்டையும் பருத்தியும் சேர்ந்த குடும்பத்துச் செடி. ஒரே சுலோகம், ஒரே மருந்துப் பெயர், உள்ளே வெவ்வேறு தாவரங்கள்.

நிலவேம்புக் குடிநீரில் ஒரு வேடிக்கை இருக்கிறது. எது வெட்டிவேர், எது விலாமிச்சை என்று நானும் மருந்துப் பட்டியல் எழுதியவரும் நாள் முழுக்கச் சண்டை போடலாம். ஒன்பது சரக்கும் சம எடை என்பதால், பெயர்ச்சீட்டு இரண்டையும் மாற்றி ஒட்டினாலும் கஷாயம் மாறப்போவதில்லை. புல்வேர் ஒரு பங்கு, பூண்டின் வேர் ஒரு பங்கு, அவ்வளவுதான். இரண்டு பெயருக்கும் புல்லையே போடும்போதுதான் அது கெடும். அப்போது ஒன்பது எட்டாகிவிடும், பொட்டலத்தின் மேல் ஒன்பது இருந்தாலும்.

அப்படிப் போடுகிறார்களா என்று நான் யாரையும் சுட்ட மாட்டேன். கடலூர்க் கடற்கரை மணலில் புல் வெட்டிவேர் பரவலாகப் பயிராகிறது, கடையில் எளிதில் கிடைக்கிறது. பூண்டோ நான் பார்த்தவரை பாத்திக் கணக்கில்தான் இருக்கிறது. ஊர் ஊராக ஊற்றப்படும் கஷாயத்துக்கு ஈடான வேர் அந்தப் பாத்திகளிலிருந்து வருமா என்பதை ஐந்தாம் வகுப்புக் கணக்கே சொல்லிவிடும். சோதிப்பதும் கடினமில்லை. புல்வேரை மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்தால் நடுவில் சோறு, அதைச் சுற்றி வளையமாகக் குழாய்த் திசுக்கள், புறணியில் பெரிய காற்றறைகள் தெரியும். இருவித்திலைச் செடியான பூண்டின் வேரில் நடுவே கட்டைத் திசு திரண்டிருக்கும். தாவரவியல் இளநிலை மாணவர் ஒரு பிற்பகலில் செய்து முடிக்கும் வேலை. அரசு கொள்முதல் செய்யும் ஒவ்வொரு சரக்குத் தொகுதிக்கும் இதைக் கட்டாயமாக்குவதில் என்ன தடை என்று எனக்குப் புரியவில்லை.

சரி, தோட்டத்துக்கு வருவோம்.

பெரியவர் கொடுத்த தண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து முதலில் விரல்களுக்கு இடையே உருட்டிப் பார்த்தேன். நான்கு பட்டை. துளசித் தண்டை உருட்டினாலும், தும்பையை உருட்டினாலும் இதே நான்கு விளிம்பு தட்டும். எதிரெதிராக ஜோடி இலைகள். அடுத்த ஜோடி அதற்குக் குறுக்கே. உதடு பிளந்தது போன்ற பூ. இதுதான் இந்தக் குடும்பத்தின் முத்திரை, ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களுக்கு. (நொச்சியையும் தேக்கையும்கூட இப்போது இதே குடும்பத்தில்தான் வைத்திருக்கிறார்கள். தேக்கு மரத்துக்கும் புதினாக் கட்டுக்கும் உறவு என்று சொன்னால் என் வீட்டில் இன்னும் நம்ப மறுக்கிறார்கள்.) நம் செடியின் தண்டு சதைப்பற்றானது, நகம் பட்டால் நீர் கசியும். இலை அகலம், காம்பு நீளம், மேலே மெல்லிய ரோமம், அடியில் நரம்புகள் புடைத்திருக்கும். பார்வைக்குக் கற்பூரவள்ளியின் ஒல்லியான தம்பி. வளர்ந்தால் மூன்றடி வரை போகும்.

முதல் முறை நான் செய்த தப்பு, நட்டது ஐப்பசியில். அடைமழை. சதைப்பற்றான போத்து நீரில் நின்றால் அடியிலிருந்து கறுத்துக்கொண்டே மேலே வரும். நான்கில் மூன்று அழுகிப்போயின. நான்காவதன் நுனியை மட்டும் கிள்ளி, வராந்தாவில் ஒரு தேநீர்க் கோப்பை அளவு மணலில் செருகி வைத்தேன். அந்த ஒரு நுனிதான் இன்று என்னிடம் இருக்கும் எல்லாச் செடிக்கும் தாய். அந்தப் பதினைந்து நாளில் எனக்கு வந்த பதற்றத்தை, மேல்நிலைத் தேர்வு முடிவுக்குக் காத்திருந்தபோதுகூட நான் அறிந்ததில்லை. பெரியவரிடம் திரும்பிப் போய்க் கேட்டால் கொடுப்பார்தான். ஆனால் அவருக்கு எழுபது தாண்டிவிட்டது, பிள்ளைகள் திருப்பூரில்.

இப்போது செய்யும் முறையைச் சொல்கிறேன். முற்றாத, ஆனால் மிக இளசும் அல்லாத தண்டில் நான்கு கணு வருமாறு வெட்டிக்கொள்ள வேண்டும். கீழ் இரண்டு கணுக்களின் இலைகளைக் கிள்ளிவிட்டு, வெட்டுவாய் காய்வதற்காக ஒரு மணி நேரம் நிழலில் கிடத்த வேண்டும். பிறகு அந்த இரண்டு கணுவும் மறையும்படி ஈர மணலில் நட வேண்டும். வேர் கணுவிலிருந்துதான் கிளம்பும். இரண்டு வாரம் நிழல், தெளிப்புத் தண்ணீர் போதும். புதுக்கொழுந்து விரிந்தால் பிடித்துவிட்டது என்று பொருள். பருவம் என்றால் தை கடைசியிலிருந்து சித்திரைக்குள், அல்லது ஆடியில் காற்று தணிந்த பிறகு. எங்கள் பக்கத்து வானிலைக்கு இது சரி; கொங்கு நாட்டிலும் தெற்கத்திச் சீமையிலும் முன்பின் ஆகலாம்.

மண்தான் முக்கியம். நாம் அறுப்பது வேர். களிமண்ணில் செடி செழிப்பாகவே வரும், இலை தளதளவென்று இருக்கும், பிடுங்கினால் வேர் பாதி அறுந்து மண்ணோடு போய்விடும். மீதியைக் கழுவுவதற்குள் மணமும் பொறுமையும் தீர்ந்துவிடும். ஆற்றங்கரைக்காரர்கள் மணலைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இதுதான். வேர் தடையின்றிக் கீழே ஓடும், முழுசாக வரும். மாடித் தோட்டத்தில் ஒன்றரை அடி ஆழமுள்ள பையில் பாதிக்கு மேல் மணல், மீதி செம்மண்ணும் மட்கிய தொழுவுரமும் கலந்து நிரப்புகிறேன். ஆற்று மணல் இன்று பவுன் விலை. எம்-சாண்ட் போடலாம், ஆனால் அதிலுள்ள தூளை இரண்டு மூன்று தண்ணீரில் அலசித் தள்ளாவிட்டால் காய்ந்ததும் சிமென்ட் மாதிரி இறுகிவிடும். மணல் சீக்கிரம் காய்வதால் கோடையில் தினமும் காலையில் விரலை ஒரு கணு அளவு உள்ளே விட்டுப் பார்த்துத் தண்ணீர் ஊற்ற வேண்டும். நுனியை அவ்வப்போது கிள்ளினால் பக்கக் கிளை வரும்; கிளைதானே அடுத்த நாற்று.

எதிரிகள் இரண்டு. மேலே மாவுப்பூச்சி. எறும்பு ஊர்வதைப் பார்த்தாலே அது வந்துவிட்டது என்று கொள்ளலாம். தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவினால் ஓரளவு போகும். கீழே நூற்புழு. இது கண்ணுக்குத் தெரியாது. செடி காரணமில்லாமல் வெளிறிச் சோர்ந்து நிற்கும், பிடுங்கினால் வேரில் மணிமணியாக முடிச்சு இருக்கும். இதன் உறவான மருந்துக்கூர்க்கன் பயிரைப் பெரிதும் அழிப்பது இந்த வேர்முடிச்சு நூற்புழுதான். வேப்பம்புண்ணாக்கை மண்ணில் கலப்பதும், பக்கத்தில் துலுக்கச்சாமந்தி வைப்பதும், ஒரு முறை பயன்படுத்திய மணலை வெயிலில் பரப்பிக் காயவிடுவதும் உதவும். முடிச்சு விழுந்த செடியிலிருந்து போத்து எடுக்கக் கூடாது என்று சொல்வார்கள். நான் எடுத்திருக்கிறேன், மண்ணைத் தொடாத நுனியிலிருந்து. வேறு செடி இல்லாதபோது என்ன செய்வது?

ஆறு மாதம் கழித்துப் பையைக் கத்தியால் கீறி, மணலை உதிர்த்தேன். வைக்கோல் நிறத்தில் கொத்துக் கொத்தாக, சில முழங்கை நீளம். வாளித் தண்ணீரில் முக்கி எடுத்தபோதுதான் மணம் எழுந்தது. புல்வேரின் மணம் கனமானது, மண்ணைப் போன்றது. இதில் அந்தக் கனம் இல்லை; கற்பூரத்தின் ஒரு கீற்று உண்டு, நனைந்த கோயில் பிராகாரத்தை நினைவுபடுத்தும் ஏதோ ஒன்று உண்டு. நிழலில் இரண்டு நாள் உலர்த்தி மல்லிகையோடு தொடுத்தால், பூ வாடிய பிறகும் வேர் மணக்கிறது. பூக்கடைக்காரர்கள் தேடி வந்ததன் காரணம் அப்போது விளங்கியது.

அன்று இன்னொன்றும் விளங்கியது. வேரை எடுத்தால் செடி முடிந்தது. அறுவடை நாளும் நடவு நாளும் ஒன்றாகத்தான் இருந்தாக வேண்டும். கீழ்ப்பாதி பூக்கூடைக்கு, மேல்பாதி அடுத்த பாத்திக்கு. ஒரு போகம் விலை போகவில்லை என்று வெறுத்து மேல்பாதியை வரப்பில் வீசினால், நெல்லைப் போலக் குதிரில் விதை இருக்காது. பத்து வருடம் கழித்துத் திரும்ப ஆசை வந்தாலும் பயிர் வராது. காவிரிக்கரையில் வீடு வீடாக இது மறைந்தது இப்படித்தான் இருக்க வேண்டும். யாரும் அழிக்கவில்லை. ஒரு நடவைத் தவறவிட்டார்கள்.

விதை இல்லாத பயிருக்கு அழிவுதான் விதி என்று சொல்ல வரவில்லை. வாழைக்கு விதை இல்லை, மஞ்சளுக்கு இல்லை. இதன் பெயரை எடுத்துச் சென்ற புல்லுக்கே தென்னிந்திய வகையில் விதை முளைப்பதில்லை. தூரைப் பிரித்துத்தான் நடுகிறார்கள். ஆனால் அது மண்ணரிப்பைத் தடுக்கும் என்று தெரிந்ததும் உலகம் முழுவதும் போய்விட்டது. பல நாடுகளில் நடப்பட்டிருக்கும் புல்லின் பெரும்பகுதி ஒரே வம்சத்தின் பதியன் என்று 1998-ல் வெளிவந்த மரபணு ஆய்வு ஒன்று காட்டியது. தூர் தூராகப் பிரித்துக் கைமாறியே பல நாடுகளுக்குப் போயிருக்கிறது ஒரு புல்.

உறவுகளின் கதியையும் பாருங்கள். மருந்துக்கூர்க்கனின் வேரில் போர்ஸ்கோலின் என்ற வேதிப்பொருள் இருப்பதை 1970-களில் இந்திய ஆய்வகங்கள் கண்டன. செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி அளவை உயர்த்தும் திறன் அதற்கு இருப்பதால் உலகின் உயிரியல் ஆய்வகங்களில் அது அன்றாடப் பொருளாயிற்று. சேலம் பக்கத்துத் தோட்டங்களில் ஒப்பந்தப் பயிராக ஏறியது. சிறுகிழங்கை நெல்லை, தென்காசிப் பொங்கல் காப்பாற்றுகிறது; அந்தக் கிழங்கு இல்லாமல் அங்கே தை பிறக்காது. கற்பூரவள்ளியைச் சளி பிடித்த குழந்தைகள் காப்பாற்றுகின்றன. குறுவேருக்கு ஆய்வகமும் இல்லை, பண்டிகையும் இல்லை. திசு வளர்ப்பில் இதைப் பெருக்கும் முறைகள் ஆய்விதழ்களில் வந்திருக்கின்றன. கண்ணாடிக் குழாயில் பெருகுவது நல்லதுதான், ஆனால் வாங்கி நட யாராவது வேண்டும்.

மூலிகைப் பண்ணை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், ஏக்கருக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டார். தெரியாது என்றேன். சந்தை இல்லாத பொருளுக்கு விலை சொல்ல முடியாது. குடிநீர்ச் சூரணத்தில் விலாமிச்சை உண்மையாகவே இருக்கிறதா என்று கேட்க ஆரம்பித்தால் சந்தை தானே வரும் என்பது என் எண்ணம். அதுவரை இது தொட்டிச் செடிதான், கொல்லைச் செடிதான்.

என்னிடம் இப்போது ஏழு பைகள் இருக்கின்றன. இரண்டைத் தங்கை வீட்டில் வைத்திருக்கிறேன், எங்கள் வீட்டில் நூற்புழு வந்தால் அங்கே தப்பட்டும் என்று. ஒன்றை அந்தப் பெரியவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். போன மழையில் அவர் பாத்தி மூழ்கிவிட்டது. வாங்கிப் பார்த்துவிட்டு, “எங்க செடிதான்” என்றார்.

உங்களுக்கு எங்காவது இது கிடைத்தால் ஒரே ஒரு வேண்டுகோள். ஒரு போத்தை நீங்கள் வைத்துக்கொண்டு, இன்னொன்றை இரண்டு தெருவாவது தள்ளி இருக்கும் ஒருவருக்குக் கொடுங்கள். கொடுக்கும்போது தொட்டியில் பெயர் எழுதி ஒட்டுங்கள். வெட்டிவேர் என்று மட்டும் எழுதாதீர்கள், புல் என்று நினைத்துப் பிடுங்கி எறிந்துவிடுவார்கள். குறுவேர், இருவேலி, கோலியஸ் வெட்டிவெராய்டிஸ் என்று மூன்றையும் அழியாத மையில் எழுதுங்கள்.